ரமணாசிரமம் பக்கம் மனை: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

நிலமும் சட்டமும் - வாசகர் கேள்விகள்

கேள்வி: "எங்களுக்குத் தண்டராம்பட்டு பக்கம் மூன்றரை ஏக்கர் இருக்கிறது. மணிலா, நெல், கொஞ்சம் கரும்பு போடுகிறோம். பிள்ளைகள் இருவரும் திருவண்ணாமலையில் படிக்கிறார்கள். ரமணாசிரமம் பகுதியில் சிறிய மனை வாங்கி வீடு கட்டலாம் என்று நினைக்கிறோம். தரகர் ஒருவர் 1,200 சதுர அடி மனையைக் காட்டினார். 'இந்த வாரத்துக்குள் இரண்டு லட்சம் முன்பணம் கொடுங்கள், இல்லையென்றால் பெங்களூர் பார்ட்டி எடுத்துவிடும்' என்கிறார். இதற்காக ஒரு ஏக்கரை விற்க வேண்டியிருக்கும். முதல்முறையாக வாங்குகிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?"

- வாசகி, தண்டராம்பட்டு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: இந்த வாரத்துக்குள் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு மனையின் ஆவணங்களை முறையாகப் பார்த்து முடிக்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க மறுக்கும் மனை கைவிட்டுப் போனால் போகட்டும். வேறு மனை கிடைக்கும். தவறான இடத்தில் போன ஒரு ஏக்கர் திரும்பக் கிடைக்காது.

அந்தப் பகுதியில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ரமண மகரிஷி 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்தார். 1922-இல் அவருடைய தாயார் காலமான பிறகு, அந்தச் சமாதியைச் சுற்றித்தான் மலையின் தென்புறத்தில் ஆசிரமம் வளர்ந்தது. இன்று செங்கம் சாலை, ரமண நகர், பெரும்பாக்கம் சாலை, அத்தியந்தல், அடி அண்ணாமலை என்று கிரிவலப் பாதையை ஒட்டிய இடங்களில் சென்னை, பெங்களூர், வெளிநாடு என்று எங்கிருந்தோ வரும் பணம் நிலத்தின் விலையை நிர்ணயிக்கிறது. மணிலா விற்ற காசில் மனை வாங்குபவர் இவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. அவசரத்தில் விடும் ஒரு பிழையை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள்; சிறு விவசாயக் குடும்பத்தால் முடியாது.

நிலம் யாருடையது?

முதலில் விற்பவரிடம் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா ஆகியவற்றின் நகல்களை வாங்க வேண்டும். நகல் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று. குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ, சார்பதிவாளர் அலுவலகத்திலோ பெறலாம். சொத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அடமானம் இருக்கிறதா, யாருக்காவது ஏற்கெனவே கிரய ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களா என்பது அதில் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள பல வழக்குகள் ஆகியவை அதில் வராது. ஆகவே 'வில்லங்கம் இல்லை' என்று சான்று வந்தாலே போதும் என்று நினைக்கக் கூடாது.

பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் வருவாய்த்துறை இணையதளத்தில் சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்துப் பார்க்கலாம். பத்திரத்தில் உள்ள பெயர், சர்வே எண், பரப்பளவு மூன்றும் பட்டாவோடு ஒத்துப்போக வேண்டும். புலப்படத்தை எடுத்துக்கொண்டு, நில அளவரை வைத்து நேரில் அளந்து கல் நடச் சொல்ல வேண்டும். பட்டா, வரி கட்டும் உடைமையைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணம். அதை மட்டும் வைத்து உரிமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1979-க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுப் பணியின்போது பெயரும் பரப்பும் மாறிப் பதிவான பட்டாக்கள் இன்றும் திருத்தத்துக்கு அலைகின்றன.

பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பிகள் மட்டும் வந்து, 'தங்கச்சிக்குக் கல்யாணத்தப்பவே செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு' என்று சொன்னால் ஏற்கக் கூடாது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் மத்தியச் சட்டமும் வந்தது. மகள் பிறப்பாலேயே பங்குதாரர் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. சகோதரிகள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது அவர்கள் முன்பே எழுதிக் கொடுத்துப் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும்.

உரிமையாளருக்குப் பதிலாகப் பவர் வாங்கியவர் விற்றால், பவர் பத்திரம் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அவரையே நேரில் சந்தித்துப் பேசிவிடுவது நல்லது.

வாங்கக் கூடாத நிலங்கள்

திருவண்ணாமலை கோயில் நகரம். கோயிலுக்கும் மடங்களுக்கும் கட்டளைகளுக்கும் நிலம் இருக்கும் ஊர். இந்து சமய அறநிலையத் துறையின் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. யார் எத்தனை தலைமுறையாகக் குடியிருந்தாலும் சரி. 'அ' பதிவேட்டில் பழைய உரிமையாளராகக் கோயில் பெயரோ, இனாம் என்ற குறிப்போ இருந்தால், அறநிலையத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெளிவு பெறாமல் ஒரு அடி கூட நகரக் கூடாது.

பஞ்சமி நிலம் இன்னொன்று. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கிய நிலம் இது. பிற சமூகத்தார் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம், வக்பு நிலம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்றால், அந்த நிபந்தனை என்ன, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்க்க வேண்டும்.

ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, வனத்துறை நிலம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாங்கப்போகும் மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதை ஒட்டியுள்ள எண்களையும் பார்க்க வேண்டும். பக்கத்து எண் ஓடையாக இருந்து, வேலி நாலடி உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தால், அது அளந்தால்தான் தெரியும்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா?

விவசாய நிலத்தைக் கூறுபோட்டுக் கல் நட்டாலே மனை ஆகிவிடாது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண், உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல், அனுமதிக்கப்பட்ட வரைபடம் ஆகிய மூன்றும் வேண்டும். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரேரா) பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவான இடங்களை மறுபடியும் பதிவு செய்ய முடிகிறது. 'பதிவு ஆகுது பாருங்க' என்று தரகர் காட்டுவது இதைத்தான். பதிவு ஆனாலும், வரன்முறை ஆணை இல்லாத மனையில் வீடு கட்டும் அனுமதியும் வங்கிக் கடனும் சிக்கலாகும். ஆகவே பழைய மனை என்றால் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற மனைக்கு ஒரு வசதி உண்டு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையம் வழியே உடனடி அனுமதி பெறலாம்.

மலையையும் மழையையும் பாருங்கள்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலை சரிந்தது. வ.உ.சி. நகரில் அடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். பத்திரம், பட்டா, அனுமதி எல்லாம் சரியாக இருந்தாலும், இடம் சரியாக இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சரிவில் உள்ள மனை, மேலே பெரிய பாறைகள் தெரியும் மனை, மலையிலிருந்து வரும் ஓடை வழியில் உள்ள மனை ஆகியவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மலையின் தென்புறம் பெய்யும் மழை ஓடைகள் வழியே இறங்கி ஏரிகளுக்குப் போகிறது. சமுத்திரம் ஏரியும் அந்தப் பக்கம்தான். தண்ணீர் எந்த வழியில் ஓடும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்க்கத்தான் வேண்டும். கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், நல்ல மழை பெய்த மறுநாள் போய் அந்த மனையில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது, போர் எத்தனை அடி, சித்திரையில் தண்ணீர் நிற்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும். பாறை நிலம் என்பதால் பக்கத்து மனையில் தண்ணீர் இருந்தால் இங்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு பௌர்ணமி இரவிலும் போய்ப் பார்க்க வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அன்றைக்கு வண்டி எங்கே வரை விடுகிறார்கள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வழி உண்டா என்பது அன்றுதான் புரியும். கார்த்திகை தீபத்தின்போது கூட்டம் அதைவிடப் பல மடங்கு.

பணக் கணக்கு

அளவை முதலில் சரிசெய்துகொள்ளலாம். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1,200 சதுர அடி என்பது அரை கிரவுண்டு, அதாவது ஏறக்குறைய 2.75 சென்ட். பட்டாவில் இது ஏறத்தாழ 111.5 சதுர மீட்டர் என்று இருக்க வேண்டும். பொதுச் சாலையையும் சேர்த்து 1,200 என்று சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவுச் செலவு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2. வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கிடுவார்கள். 12 லட்ச ரூபாய் மனைக்கு 1,08,000 ரூபாய். 1.4.2025 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 9 லட்ச ரூபாய் மனை என்றால் 9,000 ரூபாய் மிச்சம். சொத்தும் குடும்பத்தலைவி பெயரில் இருக்கும்.

கடன் வாங்கினால், 10 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 10,150 ரூபாய் வரும். மொத்தம் கட்டுவது 18 லட்சத்துக்கு மேல். வெள்ளாமைப் பணம் வருடத்துக்கு இரண்டு முறை வரும். வங்கி மாதாமாதம் கேட்கும். ஆறு தவணைக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க முடியாவிட்டால், கடன் தொகையைக் குறைக்க வேண்டும். பயிர்க்கடனை மனைக்குத் திருப்பக் கூடாது. வங்கிக் கடன் கேட்பதில் ஒரு நன்மையும் உண்டு: வங்கியின் வழக்கறிஞரும் ஆவணங்களைப் பார்ப்பார். வங்கி கடன் தர மறுத்தால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் வங்கி பார்ப்பது அதன் கடனுக்காக. உங்களுக்காக ஒரு வழக்கறிஞரைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஒரு ஏக்கரை விற்கலாமா?

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஏக்கரில் செலவு போக வருடத்துக்கு எவ்வளவு நிற்கிறது? கிணறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கிணறும் வழியும் விற்கும் ஏக்கரோடு போய்விட்டால், மீதி இரண்டரை ஏக்கரின் மதிப்பும் குறையும்.

பிள்ளைகள் படிப்புக்காக மட்டும் என்றால், வாடகை வீட்டையும் யோசிக்கலாம். 10 லட்சம் கடனுக்கு முதல் மாதம் வட்டி மட்டும் 7,500 ரூபாய். அதைவிடக் குறைந்த வாடகையில் வீடு கிடைத்தால், படிப்பு முடியும் வரை வாடகையில் இருந்துவிட்டு நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஊரில் இருப்பது குடிசை வீடு என்றால், 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 3.5 லட்ச ரூபாய் உதவி உண்டு. அதற்குத் தகுதி உண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம்.

விற்பதாகவே முடிவெடுத்தால், வரியைக் கவனிக்க வேண்டும். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளும், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் வரி வரும். தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள். திருவண்ணாமலை 2011 கணக்கெடுப்பிலேயே 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. எல்லை இப்போது எதுவரை என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பேரூராட்சி இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். வரி வரும் நிலம் என்றாலும், விற்ற பணத்தில் இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டி முடித்தாலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. வெறும் மனையாக வாங்கிப் போட்டால் அந்த விலக்கு கிடைக்காது.

நிலத்தை விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கி வழியாகவே வாங்க வேண்டும்.

கடைசிப் படிகள்

ஆவணங்கள் எல்லாம் சரி என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த பிறகுதான் முன்பணம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தத்தில் மொத்த விலை, முன்பணம், கெடு, ஆவணத்தில் குறை தெரிந்தால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற நான்கும் இருக்க வேண்டும். ரேரா பதிவுள்ள மனைப்பிரிவில், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் விற்பவர் வாங்க முடியாது.

கிரயம் பதிவாகும் நாளின் காலையிலும் ஒருமுறை வில்லங்கம் பார்க்க வேண்டும். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலைக் கவனிக்க வேண்டும். உட்பிரிவு தேவையில்லாத சொத்துக்குப் பட்டா தானாக மாறும். உட்பிரிவு உண்டு என்றால் நில அளவர் வந்து அளப்பார். பட்டா கைக்கு வரும் வரை வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாத நிலையில் இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தாருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

கேள்வி: "மலை அடிவாரத்தில் கட்டிய வீடு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பத்திரம் இல்லை. ஆனால் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அந்த முகவரியில் இருக்கின்றன. வாங்கலாமா?"

- வாசகர், செங்கம்.

பதில்: வாங்க வேண்டாம். வீட்டு வரியும் மின் இணைப்பும் அங்கே ஒருவர் குடியிருக்கிறார் என்பதைக் காட்டும். நிலம் அவருடையது என்பதைக் காட்டாது. புறம்போக்கு என்றால் அரசு எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம், இழப்பீடும் எதிர்பார்க்க முடியாது. பத்திரமும் பட்டாவும் இல்லாத வீட்டை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவே வழக்குப் போட வேண்டியிருக்கும். அடிவாரம் என்பதால் மேலே சொன்ன மண்சரிவு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: "ஆசிரமத்துக்கு வருடாவருடம் வரும் வெளிநாட்டவர் ஒருவர் எங்களுக்கு நல்ல பழக்கம. அவர் பணம் தருகிறார், எங்கள் பெயரில் நிலம் வாங்கி வீடு கட்டச் சொல்கிறார். அவர் வரும்போது தங்குவார், மற்ற நாளில் நாங்கள் இருந்துகொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?"

- வாசகர், அத்தியந்தல் பகுதி.

பதில்: கூடாது. சுற்றுலா விசாவில் வந்து போகும் வெளிநாட்டவர் இங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. அதைச் சுற்றிப் போக உங்கள் பெயரைப் பயன்படுத்தினால் அது பினாமிப் பரிவர்த்தனை. பினாமித் தடைச் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தத்தின்படி, சொத்து பறிமுதல் ஆகும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. பெயர் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. பழக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

அவருக்குத் தங்க இடம் வேண்டும் என்றால், உங்கள் சொந்த வீட்டை எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்குக் கொடுக்கலாம். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்குச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையம் வழியே தாக்கல் செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வாடகையை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.